நீலம் வந்தால் நல்லது, வெள்ளையாகவே இருந்தால் ஆபத்து: பூச்சிமருந்தைக் காட்டிக்கொடுக்கும் அட்டை

ரிங்லெட் - காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வீடு திரும்பும்போது தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல். "வெயில் பட்டிருக்கும்" என்று பலரும் படுத்துவிடுகிறார்கள். காரணம் வெயிலாக இல்லாமலும் இருக்கலாம்.

நரம்பு தசைக்கு இடும் கட்டளையை, வேலை முடிந்ததும் அழிக்க உடலில் ஒரு நொதி உண்டு. அதன் பெயர் கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்குகின்றன. 2017 பிப்ரவரியில் கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையத்தில் கிம் ஜோங் நாமைக் கொன்ற வி.எக்ஸ். நச்சும் இதைத்தான் செய்தது. வீரியம்தான் பல மடங்கு அதிகம்.

முடங்கும் அதே நொதியையே உணர்கருவியாக மாற்றியிருக்கிறார்கள். சிறிய அட்டை ஒன்றில் இரண்டு வட்டங்கள். வெள்ளை வட்டத்தில் நொதி, சிவப்பு வட்டத்தில் நிறம் தரும் பொருள். கீரையைக் கழுவிய நீரை வெள்ளை வட்டத்தில் விட்டு, சுமார் பத்து நிமிடம் கழித்து அட்டையை மடித்து அழுத்த வேண்டும். நீலமானால் நொதி வேலை செய்கிறது. வெள்ளையாகவே இருந்தால் மருந்து அதை முடக்கிவிட்டது. வெள்ளை என்றால் சுத்தம் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழ்தான்! இராணுவங்கள் நரம்பு நச்சைக் கண்டறியும் பெட்டியிலும் இதே தத்துவம்தான்.

ஆனால் நீலத்தை முழுதாக நம்பிவிடவும் கூடாது. கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகளும், 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பாராகுவாட்டும் இந்த அட்டையில் சிக்காது. அவற்றுக்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி.

மருந்தடிப்பவரின் இரத்தத்திலும் இந்த நொதியை அளக்கலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால், மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒருமுறை அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த முதல் அளவு இல்லாவிட்டால், பிறகு எடுக்கும் சோதனை "சரியாக இருக்கிறது" என்று சொன்னாலும் பாதி குறைந்திருக்க வாய்ப்புண்டு. ஆர்கனோபாஸ்பேட்டைக் கையாள்பவர்களுக்கான மருத்துவக் கண்காணிப்பு, 2000-ஆம் ஆண்டின் அபாய இரசாயன ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடமோ கிராணியிடமோ கேளுங்கள்.

அறிகுறி தெரிந்தால் உடனே வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துப் போத்தலின் லேபலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். "மருந்தடித்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். டாக்டர் அதைக் கேட்டுத்தான் மாற்று மருந்தை முடிவு செய்வார்.