லாஸ்பேட்டை வாலிபர்களை இழுக்கும் பொன்மலை! ரயில் பெட்டியைக் கழற்றி மாட்டும் 'பிட்டர்' வேலை
லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. ரயில் நிலையம் கிடையாது! ஆனாலும் பக்கத்து மேட்டுப்பாளையம் அரசு ஐ.டி.ஐ.யில் 2 வருஷம் 'பிட்டர்' படித்துவிட்டு வரும் பையனுக்கு, அண்ணாந்து பார்க்கும் விமானத்தைவிட ரயில்தான் சோறு போடும்.

புதுவைக்கு ரயில் வந்தது 1879-ல். விழுப்புரத்தில் இருந்து வந்த அந்தப் பாதை 2004-ல் அகலப்பாதை ஆனது. இன்று புதுவை இருப்பது திருச்சி கோட்டத்தில். பட்டறையும் அங்கேதான். பொன்மலை!

நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1928-ல் பொன்மலைக்கு மாறியது. 1946 செப்டம்பர் 5-ந் தேதி வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டு 5 தொழிலாளர்கள் பலியான இடமும் இதுதான்.

அரை மில்லி மீட்டர்!

ஸ்பானரைத் திருகுறதுதானே, இதென்ன பெரிய வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலையைக் கேளுங்கள்.

எக்ஸ்பிரசில் ஓடும் பழைய ஐ.சி.எப். ரகப் பெட்டி 18 மாதத்துக்கு ஒரு முறை பட்டறைக்கு வரவேண்டும். கிரேன் போட்டு மேல்கூட்டைத் தூக்கிவிடுவார்கள். அடியில் இருக்கும் 'போகி' தனியே வந்துவிடும். மசகும் மண்ணும் போகக் கழுவி, ஸ்பிரிங், பிரேக், அச்சு, சக்கரம் எல்லாவற்றையும் பிட்டர் கழற்றுவார்.

புதுச் சக்கரத்தின் குறுக்களவு 915 மி.மீ. தேய்ந்து தேய்ந்து 825-க்கு வந்தால் கழிவு. கடைசல் பிடித்தபின் ஒரே அச்சில் உள்ள 2 சக்கரங்களுக்கும் இடையே அரை மில்லி மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை விட்டுப் பார்க்கிறார்கள்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரியும். அந்தச் சூட்டோடு அச்சில் தள்ளவேண்டும். ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இதில் கோட்டை விட்டால்? ஓடும்போது அச்சுப்பெட்டி கொதிக்கும். அச்சே முறியலாம். மேலே தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது தெரியவா போகிறது!

இன்னொரு மேட்டுப்பாளையத்துக்கும் பொன்மலைக்கும் தொடர்பு உண்டு. ஊட்டி மலை ரயிலுக்கு 2011-ல் எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சினையும், 2021-ல் நிலக்கரி எஞ்சினையும் செய்து அனுப்பியது பொன்மலைத் தொழிலாளிகள்தான். அத்தனை பாகத்தையும் உரசிப் பொருத்துவது பிட்டரின் கை.

பயிற்சி வேறு, வேலை வேறு

தெற்கு ரயில்வே அறிவிக்கும் 'அப்ரன்டிஸ்' இடங்களுக்குப் புதுவைக்காரர்களும் மனுப் போடலாம். பரீட்சை கிடையாது. நேர்முகம் கிடையாது. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மார்க்தான் கணக்கு. பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டுப் படி ஏறினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பயிற்சி ஒரு வருஷம். மாதா மாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் பையனுக்கு ரயில்வேயில் வேலை கிடைச்சாச்சு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு வருஷத்தில் அவன் பெட்டியோடு திரும்பி வரும்போது விழிக்கிற வீடுகள் உண்டு. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி, பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு வழி இருக்கிறது. ரயில்வேயின் கடைநிலை வேலைகளில் 20 சதவீதம், ரயில்வே பட்டறைகளில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் எழுத்துத் தேர்வு உண்டு. நாடு முழுவதும் பயிற்சி முடித்தவர்கள் போட்டி போடுவார்கள். வயசு வரம்பும் உண்டு.