மாட்டுங்கா பால்கனியில் மேப்பிள்

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பால்கனிக்கு ஜப்பானிய மேப்பிள் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மும்பையில் அதற்குக் குளிர்காலம் எங்கே? ஜப்பான், கொரியா மலைக்காடுகளைச் சேர்ந்த இந்த மரம் ஆண்டுதோறும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே பல வாரம் கிடந்தால்தான் அதன் மொட்டுகள் வசந்தத்தில் சீராக விழிக்கும். மும்பையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரி, அதுவும் 1962 ஜனவரியில். வழக்கமான ஜனவரி இரவு பதினாறு, பதினேழு டிகிரியோடு நின்றுவிடும். உறங்காத மேப்பிள் சேமிப்பைத் தின்றே பிழைத்து, சில ஆண்டுகளில் கிளை கிளையாகக் காய்ந்துபோகும்.

நிழலில் வைத்தால் ஆகாதா என்பார்கள். நிழல் மே மாத வெயிலில் இலை ஓரம் கருகாமல் காக்கும், குளிர்காலத்தைக் கொண்டுவராது. பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நீர் வடியாத தொட்டியில் வேர் அழுகிவிடும். சிறு கன்றை ஃபிரிட்ஜில் உறங்கவைக்கலாம் என்பதும் பொய்யில்லை. ஆனால் ஆண்டுதோறும் இரண்டு மாதம், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், வளர்ந்துகொண்டே போகும் ஒரு மரத்தை எத்தனை நாள் வைப்பது? அப்படியே பிழைத்தாலும், இலையுதிர்காலச் சிவப்பு வெயில் பகலுக்கும் குளிர் இரவுக்கும் வருவது. மும்பையின் அக்டோபரோ மழை ஓய்ந்து புழுக்கம் ஏறும் மாதம். ஊட்டிக்காரர்கள் முயலட்டும், அங்கே உறைபனி விழும்.

தொட்டியில் சிவக்கும் இலைதான் ஆசை என்றால் அரச மரம் இருக்கிறது. செம்பூரின் பழைய கட்டடச் சுவர் வெடிப்பில் யாரும் நீர் ஊற்றாமலே வளர்கிறது. கோடை நெருங்கும்போது இலை கொட்டி, செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. அதற்குக் குளிர் தேவையில்லை. அரசை வீட்டில் வைக்கக் கூடாது என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் துளிரின் நிறம் கிடைக்காதே தவிர, அவர்களுக்கு இச்சியும் அத்தியும் இதே அளவுக்கு ஈடுகொடுக்கும். தாராவி கும்பார்வாடாவில் சுடும் மண் தொட்டியே இவற்றுக்குப் போதும். அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி வேரைக் குளிர்விக்கும். அடியில் பெரிய துளை, மண்ணில் பாதி செங்கல் பொடிக்கல். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் தறுவாயில், வேரைக் கொஞ்சம் வெட்டி மண்ணை மாற்றினால், மீதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.