தலைவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள உட்ஸ்டாக் நகரில், 2008 டிசம்பரில், பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே தன் வீட்டுக்குள் இறந்துபோனது. தீப்பிடிக்கவில்லை, புகை சூழவில்லை. எரிவாயுவில் எரியும் கணப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டதால், வெளியே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவியது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் அலாரம் அந்த வீட்டில் இல்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் எர்னி ஹார்டிமன் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2013-இல் ஒருவழியாகச் சட்டமானது. இறந்த குடும்பத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எரிபொருளில் இயங்கும் சாதனமோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருந்தே தீரவேண்டும் என்று ஆனது. 2026 ஜனவரி முதல் அத்தகைய வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும் என்று விதி இன்னும் இறுகியிருக்கிறது. டொரன்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களையும் இது கட்டுப்படுத்தும். ஆனால் சட்டத்தால் சுவரில் ஒரு கருவியை மாட்டவைக்கத்தான் முடியும். அது இரவு இரண்டு மணிக்கு அலறும்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பது அதன் கைக்கு எட்டாதது. அந்த நேரத்தில் மனிதர்கள் சாதாரணமாகச் செய்வது, அலாரம் சொல்வதைத் தங்கள் உடம்பிடம் கேட்டுச் சரிபார்ப்பது. தலை வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, ஏதாவது நாறுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த ஒரு வழக்கில் உடம்பின் சாட்சி செல்லாது.

ஏன் செல்லாது என்பதை அந்த வாயுவின் குணமே சொல்லும். விறகோ கரியோ பெட்ரோலோ எரிவாயுவோ, எதுவானாலும் போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதும் கிடையாது. சமையல் கேஸ் கசிந்தால் வருகிற நாற்றம்கூட, கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த மெர்கேப்டன் என்ற பொருளின் நாற்றம்தான். எரியும் இடத்தில் தானாகப் பிறக்கிற வாயுவில் அப்படிச் சேர்த்துவைக்க யாரும் இல்லை. மூச்சோடு உள்ளே போனதும் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்றில் சொற்ப அளவே இருந்தாலும், நேரம் போகப் போக இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். மூச்சுத் திணறல் எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது உடம்பில் சேரும் கரியமில வாயு. அது இங்கே வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். அறிகுறி என்று வருவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி இருக்கும். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சற்றுப் படுக்கலாம் என்று தோன்றும். படுக்கவே கூடாத இடம் அதுதான்.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். 1890-களில் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தனக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று குறித்துவைத்தார். சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியின் வேகம் இல்லை, அதன் பின் சூழ்ந்த கார்பன் மோனாக்சைடுதான் என்று காட்டியவரும் அவரே. சுண்டெலி, கேனரி போன்ற சின்ன உயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது அவர் யோசனை. மனிதனைவிட வேகமாக மூச்சுவிடும் அந்தப் பறவை முதலில் தள்ளாடும். கூண்டுக்குள் அது கம்பியிலிருந்து விழுந்தால் தொழிலாளர்கள் வந்த வழியே திரும்பினார்கள். நமக்கு ஒன்றும் செய்யவில்லையே, இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று நின்று யோசிப்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. பிரிட்டன் தன் சுரங்கங்களில் 1986 வரை கேனரிகளை வைத்திருந்தது. பிறகு அந்த வேலையைக் கருவிகள் எடுத்துக்கொண்டன. கருவி மாறினாலும் விதி மாறவில்லை: அது சொன்னால் திரும்ப வேண்டும்.

வீட்டு அலாரம் எப்போது கத்த வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வட அமெரிக்கத் தரநிலைப்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு 70 பங்கு இருந்தால் அலாரம் உடனே கத்தாது. ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் கத்தும். 150 பங்கு என்றால் 10 முதல் 50 நிமிடங்களுக்குள். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள். அளவோடு நேரத்தையும் சேர்த்து எண்ணுவதற்குக் காரணம், இரத்தமும் அப்படித்தான் இந்த வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது என்பதே. ஹீமோகுளோபினில் சுமார் பத்தில் ஒரு பங்கை வாயு பிடிப்பதற்குள் எச்சரித்துவிட வேண்டும் என்பது நோக்கம். அதாவது, ஆரோக்கியமான ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத கட்டத்திலேயே அலாரம் அடிக்க வேண்டும். அப்போதுதான் நடந்து வெளியேறும் தெம்பும், கதவைத் திறக்கும் புத்தியும் மிச்சமிருக்கும். ‘அலாரம் அடிக்கிறது, ஆனால் எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், கருவி சரியாக வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அலாரம் சும்மாவும் அடிக்குமே என்பார்கள். இந்தக் குறையில் பாதி, ஒலியைப் பிரித்தறியாததால் வருவது. வாயு இருக்கிறது என்பதைச் சொல்ல நான்கு முறை உரக்க ஒலித்து, சற்று நின்று, மறுபடி நான்கு முறை ஒலிக்கும். தீக்கான புகை அலாரம் மூன்று மூன்றாக ஒலிக்கும். நிமிடத்துக்கு ஒன்றாக எப்போதாவது ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் உணரி சாகாவரம் பெற்றதில்லை. கருவிக்குக் கருவி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை தாங்கும், காலாவதித் தேதி பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அந்த ‘கீச்’ சத்தம் பொறுக்காமல் பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மறுநாள் மாற்றலாம் என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அது நடக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் குறை தீரும். மீதிப் பாதி உண்மைதான். எந்தக் கருவியும் எப்போதாவது பிசகும். ஆனால் பிசகியதா இல்லையா என்பதை வீட்டுக்குள் நின்றபடி நம்மால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கான அளவுமானி தீயணைப்புப் படையிடம் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும், தீ விபத்து சாராத கார்பன் மோனாக்சைடு நச்சால் ஆண்டுக்கு 400-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். சந்தேகத்தின் பலனை அலாரத்துக்கே கொடுக்க இந்த எண்ணிக்கை போதும்.

‘ஜன்னலைத் திறந்தேன், சத்தம் நின்றுவிட்டது, பிரச்சினை தீர்ந்தது’ என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை. நின்றது ஒலிதான், ஊற்று அப்படியே இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வெளிக்குழாயைப் பனி மூடியிருக்கலாம். வீட்டின் வெப்பத்துக்கேற்ப ஃபர்னஸ் அணைந்து அணைந்து எரியும். ஜன்னலைச் சாத்திப் படுத்த பின் மறுபடி ஓடத் தொடங்கும்போது வாயுவும் தொடங்கும். அறை அறையாகப் போய் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருப்பவர் அந்த நேரம் முழுவதும் அதையே சுவாசித்துக்கொண்டும் இருக்கிறார். செய்யவேண்டிய வரிசை எளிமையானது. எல்லோரையும் எழுப்பி வெளியே வரவேண்டும். வெளியில் நின்று தலைகளை எண்ண வேண்டும். அங்கிருந்தே கனடாவில் என்றால் 911, தமிழ்நாட்டில் என்றால் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. வந்தவர்கள் அளந்து பார்த்துப் போகலாம் என்று சொல்லும்வரை, செல்போனை எடுக்கக்கூட உள்ளே திரும்பக் கூடாது. மைனஸ் இருபது டிகிரியில் குழந்தையோடு வெளியே நிற்பதா என்பது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் கதவோரம் கோட்டுகளும், எந்நேரமும் தட்டக்கூடிய ஓர் அயல்வீடும் வேண்டும். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் நிற்கும் காரில் ஏறி எஞ்சினைப் போடுவது, தப்பி வந்த வாயுவிடமே திரும்பிப் போவது.

மருத்துவமனையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இதற்கு நம்பக் கூடாது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது; நச்சு ஏறியவருக்கும் 98 என்று காட்டும். அளவைச் சொல்வது அதற்கென உள்ள இரத்தப் பரிசோதனைதான். சாதாரணக் காற்றில் இரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆகவே அலாரம் அடித்தது, அல்லது மூடிய அறையில் அடுப்பு எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவரும் அதை ஃப்ளூ என்றே நினைக்கலாம். கர்ப்பிணிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாதபோதும் வயிற்றில் உள்ள சிசு அதிகம் பாதிக்கப்படலாம்.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, காற்றோட்டமான நம் வீடுகளுக்கு எதற்கு என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்கலாம். திறந்த ஜன்னலும் நீலச் சுடரும் உள்ள சமையலறைக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரி. ஆனால் நம் மக்கள் எல்லா நேரமும் அப்படிப்பட்ட அறையில் இருப்பதில்லை. 2024-இல் கொடைக்கானலில், சமைத்து முடித்த பார்பிக்யூ கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் இருவர் விடியும்போது உயிரோடு இல்லை. கரி கனன்று சிவந்திருக்கும்போது புகை வராது. புகை அடங்கினால் ஆபத்து அடங்கியது என்று தோன்றும். அந்தத் தணலில்தான் இந்த வாயு தாராளமாக உண்டாகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் கதவும் ஜன்னலும் சாத்திய விடுதி அறையில் கேஸ் ஹீட்டரோடு படுத்து இறந்தார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். 2024 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டின் குடவுரியில் ஓர் உணவகத்தின் மாடியில் தூங்கிய பன்னிரண்டு பேர் இறந்தார்கள், பதினோரு பேர் இந்தியர்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடியிருந்தது. ஏசிக்காக அடைத்த அறைகள், சின்னக் குளியலறையில் மாட்டிய கேஸ் கீசர், ஷட்டரை இறக்கிய கடைக்குள் ஓடும் ஜெனரேட்டர் என்று நம் ஊரிலும் மூடிய இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. காற்றோட்டத்தை நம்பிய வாதம் காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டுமே செல்லும்.

எனவே எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து எழுத வேண்டியதில்லை. மதுரையில் விறகோ கேஸ் கீசரோ ஜெனரேட்டரோ இல்லாத வீட்டுக்கு இந்த அலாரம் அவசரத் தேவை இல்லை. ஊட்டியில் குளிர்காய அடுப்பு மூட்டுகிறவருக்கு அலாரத்தைவிட முந்திய விதி ஒன்று உண்டு: கரியும் ஜெனரேட்டரும் எந்தக் காரணத்துக்காகவும் கூரைக்கு அடியில் வரக்கூடாது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டி, அதன் புகையைக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். அலாரம் வாங்குகிறவர்கள் பெட்டியைப் படித்து வாங்க வேண்டும். சமையல் கேஸ் கசிவைக் காட்டும் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு தெரியாது. டொரன்டோவில் பேஸ்மென்ட் வாடகைக்கு இருப்பவருக்கு அலாரம் பொருத்தித் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. அதைக் கழற்றாமல் வைத்திருப்பது குடியிருப்பவரின் கடமை. மாதம் ஒருமுறை பகலில் சோதனைப் பொத்தானை அழுத்தி, அந்த நான்கு ஒலியையும் பிள்ளைகளுக்குக் கேட்கவைத்து, குழந்தையை யார் தூக்குவது, பாட்டியை யார் கைபிடிப்பது, வெளியே எங்கே கூடுவது என்று ஒருதரம் நடந்தே பார்த்துவிடலாம். இரவில் நச்சு ஏறிக்கொண்டிருக்கும் மூளையிடம் முடிவெடுக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. அதைப் பகலில், தெளிவாக இருக்கும்போதே செய்து முடித்திருக்க வேண்டும்.