வீக்கமா, வளர்ச்சியா? ரிசர்வ் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பு கூறும் செய்தி

நம் கையிலுள்ள நூறு ரூபாய்த் தாளில், ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பத்துக்கு மேலே ஓர் உறுதிமொழி அச்சிடப்பட்டுள்ளது. தாளை வைத்திருப்பவருக்கு அத்தொகையைத் தருவதாக ஆளுநர் வாக்களிக்கிறார். வாக்களித்தவர் கடன்பட்டவர் ஆகிறார். ஆகவே, நமக்குச் சொத்தாக இருக்கும் அந்தத் தாள், ரிசர்வ் வங்கியின் கணக்கில் பொறுப்பாகவே எழுதப்படுகிறது.

மக்கள் கையிலுள்ள தாள்கள், வணிக வங்கிகள் அங்கு வைத்துள்ள வைப்புகள், இடர்களை எதிர்கொள்ள ஒதுக்கப்பட்ட நிதிகள் ஆகியன இருப்புநிலைக் குறிப்பின் ஒரு பக்கம். அந்நியச் செலாவணி, தங்கம், அரசுக் கடன் பத்திரங்கள், வங்கிகளுக்கு அளித்த கடன்கள் ஆகிய சொத்துகள் மறுபக்கம். 2025 மார்ச் 31 அன்று இதன் மொத்த அளவு 76.25 லட்சம் கோடி ரூபாய். முந்தைய ஆண்டைவிட 8.2 சதவீதம் அதிகம். இத்தகைய எண்ணைக் கண்டதும் நாடு செழிக்கிறது என்று மகிழ்வோரும் உண்டு. பணம் அளவின்றி அச்சிடப்படுகிறது என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். எந்த இனம் வளர்ந்தது, எதனால் வளர்ந்தது என்று கேட்காமல் மொத்தத் தொகையைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

2020 ஜூன் மாதத்துடன் முடிந்த கணக்காண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஓராண்டில் இருப்புநிலைக் குறிப்பு 41.03 லட்சம் கோடியிலிருந்து 53.35 லட்சம் கோடி ரூபாயாக, அதாவது 30 சதவீதம் பெருகியது. ஆனால் அது கொரோனா ஊரடங்கால் தொழில்கள் முடங்கிய காலம். முன்னெச்சரிக்கையாக மக்கள் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டதால் புழக்கத்திலிருந்த தாள்களின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. கடன் ஓட்டம் நின்றுவிடாதிருக்க ரிசர்வ் வங்கியும் பணத்தைத் தாராளமாக வழங்கியது. கணக்கின் பெருக்கம் அன்று நோயின் அறிகுறியாகவும் அதற்கான மருந்தாகவும் இருந்ததேயன்றி, நலத்தின் அடையாளமாக இருக்கவில்லை.

பொறுப்புகளுக்குள்ளேயே நிகழும் இடமாற்றமும் நம் வாழ்வைத் தொடும். 2016 நவம்பர் மாதப் பணமதிப்பிழப்புக்குப் பின், 2017 மார்ச் இறுதியில் புழக்கத்திலிருந்த தாள்களின் மதிப்பு ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட 20.2 சதவீதம் குறைந்திருந்தது. மக்களிடமிருந்து வந்த பணம் வங்கிகளில் குவிந்தது. 2017 தொடக்கத்தில் பல வங்கிகள் வட்டி விகிதங்களைக் குறைத்தன. கடன் வாங்கியவருக்கு அது ஆறுதல். வைப்புத் தொகையை நம்பி வாழும் முதியவருக்கோ வருமான இழப்பு.

சொத்துப் பக்கத்தில் தங்கம் ஒரு நல்ல பாடம். 1991ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியில், ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாடுகளுக்கு அனுப்பி ஈடுவைத்தே நாம் கடன் பெற்றோம். 2025 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் 879.58 டன் தங்கம் இருந்தது. முந்தைய ஆண்டைவிட அதன் எடை ஏறத்தாழ 7 சதவீதமே கூடியது. கணக்கிலுள்ள மதிப்போ 52 சதவீதம் உயர்ந்தது. எஞ்சிய ஏற்றம் தங்கத்தின் விலை உயர்ந்ததாலும் ரூபாயின் மதிப்பு சரிந்ததாலும் வந்தது. விலை இறங்கினால் இந்த ஆதாயம் கரைந்துவிடும். அதனால்தான் அது வருமானமாகக் கருதப்படாமல் மறுமதிப்பீட்டுக் கணக்கில் தனியே வைக்கப்படுகிறது, அரசுக்குப் பங்கிடப்படுவதில்லை.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அரசுக்கு அளிக்கும் உபரி தலைப்புச் செய்தியாகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அது 2,68,590 கோடி ரூபாய். அரசின் பற்றாக்குறையைக் குறைக்க அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கொடுத்தது எவ்வளவு என்பதோடு நிறுத்தைவைத்தது எவ்வளவு என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 5.50 முதல் 6.50 ரூபாய் வரை இடர்காப்பாக ஒதுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு பிமல் ஜலான் குழு பரிந்துரைத்தது. 2025ஆம் ஆண்டு இந்த வரம்பு 4.50 முதல் 7.50 ரூபாய் வரை என விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு உச்ச அளவான 7.50 ரூபாயே ஒதுக்கப்பட்டது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் விதைநெல்லைக் கூட்டி எடுத்துவைப்பது போன்றது இது. வங்கித் துறைக்கு இடர் நேரும் நாளில், கடைசிப் புகலிடமாக நிற்கும் ரிசர்வ் வங்கிக்கு அதுவே பலம்.

வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் ரிசர்வ் வங்கியின் வாரப் புள்ளிவிவரத்தில் இக்கணக்கின் சுருக்கத்தை எவரும் காணலாம். அடுத்த முறை அந்த எண்ணைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: பெருகியது தாளா, வங்கிகளின் வைப்பா? கூடியது தங்கத்தின் எடையா, விலையா? இடர்காப்பு உயர்ந்ததா, தாழ்ந்ததா? வீக்கம் எது, வளர்ச்சி எது என்பதை இவ்விடைகள் உணர்த்தும். கையிலுள்ள தாளில் வாக்களித்தவரின் கணக்கைப் பார்ப்பது, கடன் கொடுத்தவர்களாகிய நமது உரிமை.