சுடாத துப்பாக்கியும் கைக்கு உதவும்

ஆரணிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1751-இல் ராபர்ட் கிளைவின் படையும் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையும் மோதியது இங்கேதான். 1782-இல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதியதும் இங்கேதான். இன்றைய பட்டு நெசவு ஊரில் கேட்பது தறிச் சத்தம். துப்பாக்கி என்றால் தீபாவளிக்குப் பிள்ளைகள் கேப் சுருள் போட்டு வெடிப்பதுதான். அந்தப் பொம்மையை வைத்துத் தற்காப்பு கற்கலாமா?

கற்கலாம். இஸ்ரேலில் வளர்ந்த கிராவ் மகா வகுப்புகளில் ரப்பரிலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ வார்த்த போலித் துப்பாக்கியைத்தான் தருகிறார்கள். பார்த்ததும் தெரியட்டும் என்று பெரும்பாலும் நீலம், சிவப்பு நிறங்களில் இருக்கும். என்.சி.சி. மாணவர்கள் அணிவகுப்பில் ஏந்தும் டி.பி. ரைஃபிளும் சுட முடியாதபடி செய்யப்பட்டதே. சிலம்ப ஆசானும் எடுத்த எடுப்பில் வாளைக் கொடுப்பதில்லையே!

குழல் நீட்டும் கோட்டிலிருந்து உடம்பை விலக்குவது, அதே நொடியில் துப்பாக்கி ஏந்திய கையைப் பிடித்துத் திருப்புவது: பயிற்சி இதுதான். எட்டும் தூரத்தில் மட்டுமே இது நடக்கும். பத்தடி தள்ளி நிற்பவனிடம் வித்தை பலிக்காது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு உயிரோடு நகர்வதே புத்திசாலித்தனம்.

கடையில் வாங்கியதை அப்படியே பயன்படுத்துவதில் சிக்கல் உண்டு. துப்பாக்கியை முறுக்கிப் பிடுங்கும்போது ட்ரிகர் வளையத்துக்குள் இருக்கும் விரல் ஒடியலாம். அதனால் எதிராளியாக நடிப்பவர் விரலை வளையத்துக்கு வெளியே வைக்க வேண்டும், அல்லது வளையத்தையே அறுத்துவிட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உடைந்தால் விளிம்பு கையைக் கிழிக்கும். கேப் சுருள் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் குண்டு பாயும் வகையும் வேண்டாம்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

உண்மையான ஆபத்து வேறு: பார்ப்பவர்கள் பொம்மையை நிஜமென்று நம்பிவிடுவது. 1971 ஜனவரியில் 'கங்கா' என்ற இந்தியப் பயணிகள் விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். கையில் இருந்தவை பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும். 1978 டிசம்பரில் இந்திரா காந்தியை விடுவிக்கச் சொல்லி லக்னோவிலிருந்து டெல்லி சென்ற விமானத்தைக் கடத்தியவர்களிடமும் பொம்மைத் துப்பாக்கிதான், கூட ஒரு கிரிக்கெட் பந்து. பயணிகள் நம்பினார்கள். 2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் போலீஸாரும் நம்பினார்கள்: பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனை வந்து இறங்கிய சில நொடிகளில் சுட்டார்கள். பொம்மை என்று காட்ட அங்கே சட்டப்படி இருக்க வேண்டிய ஆரஞ்சு முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை.

ஆகவே பயிற்சித் துப்பாக்கிக்குப் பளிச்சென்ற நிறம் வேண்டும். பயிற்சிக் கூடத்தின் கதவைத் தாண்டி அது வெளியே போகக் கூடாது, போனாலும் மூடிய பையில்தான். மொட்டைமாடியில் பழகுவது அக்கம்பக்கத்தாரைப் பதற வைக்கும்.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. ஆரணி போன்ற ஊரில் அந்த வகுப்புக்குத் துப்பாக்கிப் பாடம் ஒருநாள் போதும். கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்தும், கழுத்துச் சங்கிலிக்குக் கை நீட்டுபவனிடமிருந்தும், கத்தி காட்டுபவனிடமிருந்தும் விடுபடுவதற்கே மீதி நாட்கள் வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் கத்தி கூடுதலாக உதவும்.