மலையாளி (பழங்குடி)

மலையாளி என்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலும் சேர்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளிலும் வாழும் பழங்குடியினரின் பெயர். இவர்களின் தாய்மொழி தமிழ். கேரளத்தவரைக் குறிக்கும் 'மலையாளி' என்ற சொல்லுக்கும் இதற்கும் எழுத்திலோ ஒலிப்பிலோ வேறுபாடு இல்லை. ஆகவே வெள்ளிமலையிலிருந்து படிக்கவோ வேலைக்கோ வெளியூர் செல்பவர், தம் இனப்பெயரைச் சொன்னதும் ஊர் கேரளமா என்ற கேள்வியைச் சந்திக்க நேர்கிறது. சிலர் பெயருக்குப் பின் 'கவுண்டர்' என்று சேர்ப்பதுண்டு. அது கொங்கு வேளாளரோ என்ற அடுத்த ஐயத்தைக் கிளப்பும்!

பெயரின் பொருள் எளிது: மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பியர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக இவர்களிடையே கதை வழங்குகிறது. இவர்கள் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர் என்றே எட்கர் தர்ஸ்டனும் 1909இல் வெளியான தம் நூலில் எழுதினார்.

குழப்பம் பேச்சோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு யாவும் சாதிச் சான்றிதழைப் பொறுத்தவை. பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்கு அருகே தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி எனப் பழைய மாவட்டப் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன. கள்ளக்குறிச்சி 2019இல்தான் தனி மாவட்டமானது. பழைய தென்னார்க்காட்டுப் பகுதி என்பதால் இம்மலை மக்களுக்கு உரிமை உண்டு. அப்பட்டியலில் கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், இதே பெயரைக் கொண்டிருந்தும், பழங்குடிச் சான்றிதழ் கேட்டு நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர்.