மரச்சக்கை தின்று எண்ணெய் சேர்க்கும் பாக்டீரியா! தெரியுமா?

நிலக்கடலையில் எண்ணெய் எவ்வளவு? எடையில் ஏறக்குறைய பாதி. எள்ளும் அப்படித்தான். உலர்ந்த எடையில் 76 சதவீதம் கொழுப்பாகவே இருக்கும் ஓர் உயிர் உண்டு, தெரியுமா? அது கண்ணுக்கே தெரியாத ஒரு பாக்டீரியா! பெயர் ரோடோகாக்கஸ் ஒபேகஸ். ஆலிவ் எண்ணெய் ஊட்டி வளர்த்தபோது 87 சதவீதத்தையே தொட்டுவிட்டது!

இதை எங்கே பிடித்தார்கள்? ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், எரிவாயு ஆலை மண்ணில்!

கொழுக்க வைக்கும் ரகசியம் என்ன? பட்டினி! சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, நைட்ரஜனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் புரதம் செய்ய முடியாதே! பாவம், தின்ற கார்பனையெல்லாம் எண்ணெய்த் துளிகளாக உடம்புக்குள் பதுக்கிக்கொள்கிறது. அது நம் சமையல் எண்ணெயின் அதே இனம். பயோடீசலாக மாற்றலாம்!

சர்க்கரைதான் வேண்டும் என்பதில்லை, மரக்கழிவையும் இது தின்னும்! மரத்துக்கு விறைப்பைத் தருவது எது தெரியுமா? லிக்னின்! காகித ஆலைகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன் லிக்னின் மிஞ்சுகிறது! பெரும்பகுதியை பாய்லரில் போட்டு எரித்துவிடுகிறார்கள். லிக்னின் உடைந்தால் வரும் பீனால் வகைகள் பல நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. நம் ரோடோகாக்கஸுக்கோ அதுதான் தீனி! அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் லிக்னினையே உணவாகக் கொடுத்து எண்ணெய் எடுத்துக் காட்டினார்கள். கிடைத்தது கொஞ்சம்தான். ஆனாலும் மரத்திலிருந்து எண்ணெய் என்றால் சும்மாவா?

 

வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் சைலோஸ் என்றொரு சர்க்கரை ஏராளம். அதை இந்த பாக்டீரியாவுக்குத் தின்னத் தெரியாது! அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற வேறொரு மண் பாக்டீரியாவின் ஜீன்களைப் புகுத்தினார்கள். இப்போது சைலோஸும் உள்ளே போகிறது!

அப்படியானால் இந்த எண்ணெய் பெட்ரோல் பங்குக்கு ஏன் இன்னும் வரவில்லை? எண்ணெய் செல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். செலவு எகிறுகிறது!

அதற்கும் ஒரு குறுக்குவழி! 2019-ல் தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதன் ஜீன்களை மாற்றியமைத்தார்கள். சேர்த்த எண்ணெயை பாக்டீரியாவே பயோடீசலாக மாற்றிவிட்டது! எவ்வளவு தெரியுமா? குளுக்கோஸ் ஊட்டி வளர்த்ததில், ஒரு லிட்டர் கரைசலுக்கு 21.3 கிராம்!